செக்ரோல், வற் வரி, சிக்னல்: இலங்கை மலையகத்து மென்பொருள் கேள்விகளுக்குப் பதில்

தோட்ட அலுவலகங்களுக்கும் டவுன் கடைகளுக்கும் பில், சம்பள மென்பொருள் எழுதிப் பராமரிப்பது என் தொழில். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஹட்டன், இரும்புக்கடை உரிமையாளர்: 2024 ஜனவரியில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. மென்பொருளில் அதைத் திருத்துவதற்குத் தனியாகக் காசு கேட்டார்கள். ஒரு எண்ணை மாற்ற இவ்வளவா?

அண்ணா, அந்த எண் நிரலுக்குள் எத்தனை இடத்தில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. 2019 டிசம்பரில் 8 சதவீதம், 2022 ஜூனில் 12, அதே செப்டெம்பரில் 15, பிறகு 18. இப்படி மாறுகிற வரியை நிரலுக்குள் எழுதியதே பிழை. எந்தத் தேதியிலிருந்து எத்தனை வீதம் என்று தனி அட்டவணை இருந்தால் நீங்களே திரையில் சேர்த்துவிடலாம். வெறுமனே 15ஐ அழித்து 18 போட்டிருந்தால் கவனம்: டிசம்பரில் விற்ற மோட்டார் ஜனவரியில் திரும்பி வந்தால், வாங்காத வரியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடும்.

தலவாக்கலை, தோட்ட அலுவலக ஊழியர்: சம்பளக் கணக்கை எக்செல்லில் செய்கிறோம். மென்பொருள் வாங்கச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

அக்கா, விற்க வருகிறவர் காட்டும் திரையை நம்பாதீர்கள். போன மாதச் செக்ரோலை (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவேடு) எடுத்து, ஆகக் குழப்பமான ஒருவரின் கணக்கை உங்கள் முன்னாலேயே போடச் சொல்லுங்கள். இரண்டு நாள் அரைப்பேர் (பாதிநாள் சம்பளம்), ஒரு நாள் நிர்ணயித்த அளவுக்கு மேல் கொழுந்து, ஞாயிறு வேலைக்குக் கைக்காசு, அதோடு அட்வான்ஸ், தேயிலைத்தூள், கோயில் காசு என்ற கழிவுகள் என எல்லாம் உள்ள ஆளாகப் பாருங்கள். கையால் போட்ட தொகையும் திரையில் வருவதும் சதம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஈபிஎப்பில் (ஊழியர் சேமலாப நிதி) தொழிலாளியின் 8 சதவீதம், நிர்வாகத்தின் 12, அப்புறம் ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 எந்தத் தொகையின் மேல் கணக்காகிறது என்றும் கேளுங்கள்.

அடுத்தது, பழைய சம்பளச் சிட்டை. 2021இல் 1000 ரூபா ஆன நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. 2023 சிட்டையை இன்றைக்கு அச்சடித்தால் அன்றைய தொகையே வர வேண்டும். புதிய சம்பளம் மாத நடுவில் அமுலுக்கு வந்தால் முன்பாதிக்குப் பழையது, பின்பாதிக்குப் புதியது என்று பிரிக்குமா? இதற்குத் தடுமாறினால் வாங்காதீர்கள்.

அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்கும் மென்பொருளும் வேண்டாம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்ததில் 12 இலக்கம். அட்டை மாற்றிய ஒரே ஆள் இரண்டு பேராகப் பதிவாகிவிடுவார். உழைத்து ஓய்ந்து ஈபிஎப் கேட்டுப் போகும் அம்மா, இரண்டும் நான்தான் என்று நிரூபிக்க அலையக்கூடாது. உள்ளே தனி ஊழியர் எண் ஒன்று மாறாமல் இருக்கட்டும்.

பண்டாரவளை, புதிதாக நிரல் எழுதுபவர்: சிறு தோட்டக்காரர்களின் கொழுந்து நிறையைப் பதியும் செயலி செய்கிறேன். மேட்டில் சிக்னல் இல்லை. ஒரே நிறை இரண்டு தடவை பதிவாகிறது.

தம்பி, போன் அனுப்பியது சேர்வருக்குப் போய்விட்டது, "கிடைத்தது" என்ற பதில் மட்டும் வழியில் நின்றுவிட்டது. போன் மறுபடி அனுப்புகிறது. நிறுக்கும் நேரத்திலேயே ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி அடையாள எண் கொடுங்கள். அதே எண் மறுபடி வந்தால் சேர்வர் புதிதாகச் சேர்க்காமல், கிடைத்தது என்று மட்டும் பதில் சொல்லட்டும். நிறையைத் திருத்தினால் பழையதை அழிக்காதீர்கள். யார், எப்போது, ஏன் திருத்தினார் என்று புதிய வரியாகச் சேருங்கள். கொழுந்து தந்தவர் நிறையைப் பற்றிச் சண்டைக்கு வந்தால் காட்ட அதுதான் இருக்கும்.

பதுளை, கடன் சங்கக் கணக்காளர்: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பதிந்த பெயர்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றலாமா?

மாற்றலாம் சேர். ஆனால் பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான்; மெய்யெழுத்தின் புள்ளிக்குக்கூட அரைப்புள்ளிதான். அதே பட்டியலில் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் கலந்திருந்தால், மாற்றும்போது அவையும் உளறலாகிவிடும். முதலில் அவற்றைப் பிரித்தெடுங்கள். பழைய பெயரைப் பக்கத்திலேயே வைத்து, சங்கப் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகு நீக்குங்கள்.

நுவரெலியா, தங்குவிடுதி நடத்துபவர்: மென்பொருள் எழுதியவர் வெளிநாடு போகிறார். என்ன வாங்கி வைக்க வேண்டும்?

மூல நிரல், டேட்டாபேஸ் கடவுச்சொல், கடைசி பேக்கப். அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி ஒரு பில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், அவர் விமானம் ஏறும் முன்னால்.