‘விபத்து’ என்ற தாளில் கையெழுத்திட்டால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: திருமணமாகி நான்காண்டுகளான என் தங்கை, ஸ்டவ் வெடித்து இறந்ததாகப் புகுந்த வீட்டார் சொல்கிறார்கள். எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. காவலர் நீட்டிய தாளில் அப்பா படிக்காமலே கையெழுத்திட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு. காவல் நிலையத்தில் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணைக் கொண்டு பழக்கத்தால் இன்றும் ‘174’ என்று சொல்லப்படும் சந்தேக மரணப் பதிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அது இறப்பின் காரணத்தை அறிவதற்கான தொடக்கமே. சான்று கிடைத்தால் வரதட்சணை மரணமாகவோ கொலையாகவோ பிரிவை மாற்றலாம். அதைத் தடுக்கும் வலிமை தங்கள் தந்தையின் கையெழுத்துக்கு இல்லை. படிக்காமல் கையெழுத்திட்டதையும், சந்தேகத்தின் காரணங்களையும் எழுதி, கோட்டாட்சியருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் இன்றே பதிவு அஞ்சலில் அனுப்புங்கள்.

திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்குரிய நிலையில் இறந்தால் ஆர்.டி.ஓ. எனப்படும் கோட்டாட்சியரின் விசாரணை நடக்க வேண்டும். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, எட்டாம் ஆண்டில் இறந்த பெண்ணின் பெற்றோரைத் திருப்பி அனுப்பும் நிலையங்கள் இருக்கின்றன. இறப்பின் காரணத்தில் ஐயம் இருந்தால், இறந்தவர் ஆணோ பெண்ணோ, திருமணமானவரோ ஆகாதவரோ, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும் என்று மேலே சொன்ன 194-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு ஏழாண்டுக் கணக்கே கிடையாது.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மூச்சுக்குழாயில் கரி படிந்திருந்ததா என்று பாருங்கள். கரி இருந்தால் தீப்பற்றியபோது உயிர் இருந்தது என்று பொருள். தீ வைத்தது யார் என்பதை அது சொல்லாது. எரிந்த துணியைக் காற்றுப் புகாத கலனில் வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். சாதாரணப் பையில் கட்டினால் மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும். இவ்வளவு எளிய காரியத்தைக்கூடக் குடும்பத்தார் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருப்பது வெட்கக்கேடு. தேவைப்பட்டால் உடலைத் தோண்டியெடுத்து மறுபரிசோதனை செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

எல்லாவற்றையும்விட, பிணவறை வாசலில் தொடங்கி வீடு வரை வரும் இடைத்தரகரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சீர் நகையைத் திருப்பி வாங்கித் தருகிறேன், முத்திரைத்தாளில் ‘புகார் இல்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் என்பார். கொலையும் வரதட்சணை மரணமும் சமரசத்தில் தீர்க்கக்கூடிய குற்றங்கள் அல்ல. ஆனால் அந்தத் தாள் பின்னாளில் நீதிமன்றத்தில் தங்கள் சாட்சியத்தை உடைப்பதற்கே பயன்படும். அறிக்கையைச் சாதகமாக எழுதித் தருவதாகப் பணம் கேட்பவரும் அவருடைய கூட்டாளியே. நகையைப் பெற நீதிமன்றத்தில் தனி வழி இருக்கிறது.

கண்காணிப்பாளரும் நடவடிக்கை எடுக்காவிட்டால், அஞ்சல் ரசீதையும் மனுவின் நகலையும் இணைத்துக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தை அணுகுங்கள்.