அரசியலமைப்புச் சட்டம் கொடுங்கோன்மையை எப்படித் தடுக்கிறது?

கொடுங்கோன்மை என்றால், கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரம். சட்டம் போடுவது, நடத்துவது, தீர்ப்புச் சொல்வது மூன்றும் ஒரே கைக்குப் போனால் அது வந்துவிடும். அதனால்தான் அரசியலமைப்பு அவற்றைப் பிரித்து வைக்கிறது. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி மாதிரி: ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்காது.

சரி, பூட்டிலேயே ஓட்டை இருந்தால்? ஜெர்மனியின் 1919 அரசியலமைப்பில் 48ஆவது பிரிவு, நெருக்கடி என்று சொல்லி அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்க இடம் கொடுத்தது. 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாளே பேச்சுரிமை பறிபோனது. அடுத்த மாதம் சட்டமியற்றும் அதிகாரமும் ஹிட்லர் அரசின் கைக்குப் போனது. பட்ட பிறகு, 1949இல் எழுதிய புதிய அரசியலமைப்புச் சட்டத்தில், மனித மாண்பு பற்றிய கோட்பாட்டில் எந்தப் பெரும்பான்மையும் கைவைக்க முடியாதபடி செய்தார்கள்.

தேர்தல் இருந்தால் கொடுங்கோன்மை வராது என்று பலர் நம்புகிறார்கள். 1933இல் அந்த அதிகாரத்தை வாக்களித்துக் கொடுத்ததே தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம்தான்.