வலி மாத்திரையை நிறுத்த வேண்டாம், மலமிளக்கியைச் சேருங்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 76 வயது. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்பு வரை பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போடுகிறோம். வலிக்காக டிரமடால் ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. ஐந்து நாளாக மோஷன் போகவில்லை. இசப்கோலும் வாழைப்பழமும் கொடுத்துப் பார்த்தோம், வயிறு உப்பியதுதான் மிச்சம். நேற்றிலிருந்து தண்ணீர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வேட்டியில் கசிகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாமா? டிரமடாலை விட்டுவிடட்டுமா என்று அவரே கேட்கிறார்.

பதில்: இரண்டுமே வேண்டாம்.

முதலில் அந்தக் கசிவு. ஐந்து நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அது பெரும்பாலும் பேதி அல்ல. ஆசனவாய்க்கு மேலே மலம் கெட்டியாக அடைத்து நிற்கும். அதற்கும் மேலே இருக்கிற இளகிய மலம் பக்கவாட்டில் வழி தேடி ஒழுகும். இந்த நேரத்தில் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். எனவே இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். உறை போட்ட விரலால் அரை நிமிடம் பரிசோதித்தாலே அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் முதலில் கீழிருந்துதான் எடுக்க வேண்டும்: ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் சப்போசிட்டரி, அல்லது செவிலியர் கொடுக்கும் எனிமா. அதைச் செய்யாமல் வாய்வழியாக மாத்திரை மேல் மாத்திரை கொடுத்தால் வயிற்றைப் பிசைந்து வலிக்குமே தவிர வெளியே வராது.

சிறுநீர் எப்படிப் போகிறது என்றும் கேளுங்கள். மலக்குடல் நிரம்பி அழுத்தினால், ஏற்கெனவே புராஸ்டேட்டால் குறுகிய சிறுநீர்ப் பாதை முழுதாக அடைத்துக்கொள்ளலாம். மருமகளிடம் இதையெல்லாம் சொல்ல அவர் கூச்சப்படலாம். உங்கள் கணவர் தினமும் காலையில் ஒரு வார்த்தை கேட்டு நாட்காட்டியில் குறித்துவைத்தால் போதும்.

சரி, இது ஏன் வந்தது? டிரமடால், கோடீன், மார்ஃபின் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். மூளையில் வலியைக் குறைப்பது போலவே குடல் சுவரிலும் வேலை செய்து அதன் அசைவை மந்தமாக்குகின்றன. மலம் உள்ளேயே அதிக நேரம் தங்குகிறது, அதிலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிவிடுகிறது, மலம் கல்லாகிறது. இந்த மருந்துகளால் வரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகுவதே இல்லை. அதனால்தான் வலி மாத்திரை தொடங்கும் அன்றைக்கே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், வலி மாத்திரை உள்ள வரை தினமும் தர வேண்டும் என்கிறோம். உங்கள் மருந்துச்சீட்டில் அது விடுபட்டிருக்கிறது. டிரமடாலை நிறுத்தினால் வலி திரும்பும். வலியில் படுத்தே கிடப்பவருக்குக் குடல் இன்னும் மந்தமாகும்.

இசப்கோல் நல்ல பொருள்தான், ஆனால் இவருக்கு இப்போது ஏற்றதல்ல. அது நீரை இழுத்து ஊதி மலத்தின் அளவைக் கூட்டும். அதைத் தள்ளுவதற்குக் குடல் அசைய வேண்டும், தண்ணீரும் நிறைய வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. இரவில் நாலைந்து முறை எழுந்து போக வேண்டியிருக்கிறதே என்று புராஸ்டேட் நோயாளிகள் தண்ணீரையே குறைத்துவிடுவார்கள். சாயங்காலம் வரை தாராளமாகக் குடிக்கட்டும், அதன்பின் குறைத்துக்கொள்ளட்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனம் என்றால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

அவருக்கு வேண்டியது குடலை அசைக்கும் மருந்து: சென்னா அல்லது பிசகோடைல். இரவில் கொடுத்தால் 6 முதல் 12 மணி நேரத்தில், அதாவது காலையில் வேலை செய்யும். மலம் கெட்டியாக இருந்தால் லாக்டுலோஸ் சிரப்பையோ, தண்ணீரில் கரைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரையோ சேர்ப்பார்கள். லாக்டுலோஸ் வேலை செய்ய இரண்டு நாள்கூட ஆகும். ஒரு வேளை கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்தாதீர்கள். அடைப்பு நீங்கியபின் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் நிலாவாரைப் பொடியும் சென்னாதான். மாத்திரையோடு அதையும் கொடுத்தால் இரட்டை டோஸ். விளக்கெண்ணெய் வேண்டாம், இந்த வயதில் உடம்பு வற்றிப்போகும். மெக்னீசியம் கலந்த சிரப்பும் பாஸ்பேட் எனிமாவும் சிறுநீரகம் சரியில்லாதவருக்கு ஆபத்து. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்க்காமல் தரக்கூடாது. கீமோ நடக்கும்போது ரத்த அணுக்கள் குறைந்திருக்கலாம், இடுப்பில் கதிர்வீச்சு எடுத்தவருக்கு மலக்குடல் புண்ணாகியிருக்கலாம். அவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் ஆசனவாய் வழியாக எதையும் வைக்காதீர்கள்.

உணவில் பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, அத்திப்பழம், கீரை, நிறைய ரசம். பசியில்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சாப்பிட்டதும் குடல் தானாகவே கொஞ்சம் அசையும்; காலைப் பலகாரமும் சூடான காபியும் முடிந்து கால் மணி, அரை மணியில் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் கழிவறையில் காலுக்கடியில் ஒரு மனைப்பலகை போட்டு முட்டி இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி, முன்பக்கம் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றச் சொல்லுங்கள். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருந்தால் நல்லது. எலும்பில் நோய் உள்ளவர் முக்கக் கூடாது. நடக்க முடியாத நாளிலும் படுக்கையில் பெட்பேன் வைப்பதைவிடக் கட்டிலருகே கமோடு நாற்காலி போடுவது நல்லது. கதவையோ திரையையோ சாத்திவிட்டு, கூப்பிடும் தூரத்தில் நில்லுங்கள்.

ஒன்றை மட்டும் மிகவும் கவனமாகப் படியுங்கள். முதுகுவலி புதிதாக வந்தாலோ திடீரென்று கூடினாலோ, கால் தள்ளாடினாலோ, கால்களிலோ இருக்கை படும் இடத்திலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் நின்றாலோ அது மலச்சிக்கலாக மட்டும் இருக்காது. முதுகெலும்புக்குப் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்தலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தாமதமானால் காலில் போன பலம் திரும்பாமலே போகலாம். வாந்தியோடு வயிறு வீங்கிக் காற்றும் பிரியாமல் இருந்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும், மிகுந்த தாகத்தோடு பேச்சு குழம்பினாலும் அன்றைக்கே போக வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். வாந்திக்கான ஒண்டான்செட்ரான், இரும்புச்சத்து, கால்சியம், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ தரும் அமிட்ரிப்டிலின், அவசரமாகச் சிறுநீர் வருவதற்கான மாத்திரை எல்லாமே மலத்தைக் கட்டும். சிலவற்றைக் குறைக்கலாம், மாற்றலாம். தமிழ்நாட்டில் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இனி வலி மருந்தின் அளவைக் கூட்டினாலோ மார்ஃபினுக்கு மாற்றினாலோ, மலமிளக்கியின் அளவு என்ன என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறையாவது, முக்காமல், இளக்கமாகப் போனால் அளவு சரி. மூன்று நாள் தாண்டினால் ஐந்தாம் நாள் வரை பொறுக்காமல் அன்றைக்கே போன் செய்யுங்கள்.