காது மெஷின் போட்டா அசதி குறையுமா? ஆடியாலஜிஸ்ட் (காது கேக்கறத டெஸ்ட் பண்ணி மெஷின் பொருத்தறவங்க) கிட்ட கேள்வி பதில்

கேள்வி: சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சா யார்கிட்டயும் பேசவே தெம்பு இருக்கறதில்ல. உடம்பு வேலை ஒண்ணும் கிடையாது. காது கம்மியா கேக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா மேடம்?

பதில்: நல்லாவே உண்டுங்க. பாதி கேட்ட வார்த்தைய மூளை தான் ஊகிச்சு நிரப்பணும். 'பட்டு'ம் 'பத்து'ம் ஒண்ணு போலவே காதுல விழும், பேச்சு எதப் பத்தினு யோசிச்சு உதட்டையும் பாத்து இதுவா அதுவானு முடிவு பண்றதுக்குள்ள எதிர்ல இருக்கறவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். நாள் பூரா ஒவ்வொரு மீட்டிங்லயும் இதையே பண்ணா அசதி வராம என்ன பண்ணும். ஆராய்ச்சி பண்றவங்க கண்பாப்பாவ, அதாவது கண்ணு நடுவுல இருக்கற கருப்பு வட்டத்த, கேமரா வெச்சு அளக்கறாங்க, கஷ்டப்பட்டு கேக்கும்போது அது விரியும், இனிமே முடியாதுனு மனசு விட்டுட்டா விரியறதும் கம்மியாயிடும்.

கேள்வி: மெஷின் போட்டா சரியாயிடுமா?

பதில்: குறையும், மொத்தமா போகாது. 2013ல ஹார்ன்ஸ்பினு ஒரு ஆராய்ச்சியாளர் பண்ண ஆய்வுல, ரொம்ப நேரம் பேச்ச கவனிக்கற வேலை கொடுத்தப்ப மெஷின் இல்லாம கேட்டவங்களுக்கு போகப் போக ரியாக்‌ஷன் மெதுவாச்சு, அதே ஆளுங்க மெஷினோட கேட்டப்ப அப்படி ஆகல. 2021ல வந்த இன்னொரு ஆய்வுல புதுசா மெஷின் போட்டவங்கள 6 மாசம் தொடர்ந்து பாத்தாங்க. கேக்கறதால வர்ற அசதி குறைஞ்சுது, பொதுவான அசதில பெருசா வித்தியாசம் இல்ல, ஆனா நாலு பேரோட பழகறது கூடியிருந்துச்சு. எனக்கு இது தான் முக்கியமா படுது, முன்னாடி அசதிக்கு பயந்து ஒதுங்கினவங்க இப்ப வெளிய போறாங்க பாருங்க.

கேள்வி: அம்மாவுக்கு போன வாரம் தான் போட்டோம். முன்னவிட டயர்டா இருக்குனு கழட்டி டப்பால வெச்சுடறாங்க.

பதில்: முதல் சில வாரம் அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க. ஃபேன் சத்தம், பேப்பர் மடிக்கற சத்தம், தன்னோட குரலே குடத்துக்குள்ள பேசற மாதிரி, இது எல்லாம் திடீர்னு வந்தா எத கவனிக்கறது எத விடறதுனு மூளைக்கு மறுபடி பழகணும். அமைதியான ரூம்ல ஒருத்தரோட பேசும்போது போட்டு ஆரம்பிக்க சொல்லுங்க, தினம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்த கூட்டுங்க. விசேஷத்துக்கு மட்டும் போடறது தான் ரொம்ப தப்பு, பழகாத காதோட நேரா கூட்டத்துக்குள்ள போய் நின்னா யாருக்குத்தான் தாங்கும். ஆனா பாத்திரச் சத்தம் காதுல குத்துதுனு சொன்னா பொறுத்துக்கோங்கனு சொல்லாதீங்க, அது செட்டிங் பிரச்சனை. காதுக்குள்ள மெல்லிசா ட்யூப் விட்டு சத்தம் எவ்ளோ போகுதுனு அளந்து பாக்கச் சொல்லி கேளுங்க.

கேள்வி: எனக்கு மைல்டு லாஸ் தான், லேசா தான் கேக்கறது கம்மி, அதுவும் ஒரு காதுல. இதுக்குப் போய் இவ்ளோ அசதியா?

பதில்: வரும். ஆடியோகிராம்ல, அதாவது காது டெஸ்ட் ரிப்போர்ட்ல, இருக்கற நம்பரும் அசதியும் பெருசா ஒத்துப்போறதில்ல. ஒரு காது மட்டும்னா சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுனு தேடறதே தனி வேலை. யாராவது 'மைல்டு தானே'னு சொன்னா விட்டுடாதீங்க, உங்க அசதிய டாக்டர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க.

கேள்வி: மெஷின் போட்டும் கூட்டத்துல முடியல.

பதில்: மெஷின் சத்தத்த கூட்டும், உள்காது இழந்துட்ட நுணுக்கத்த திருப்பித் தராது. பேசறவர்கிட்ட நெருங்கி உக்காருங்க, திறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கானா பேச்சு 6 டெசிபல் குறையும். பேசறவர் சட்டைல மாட்டற ரிமோட் மைக், அவர் குரல நேரா உங்க மெஷினுக்கு அனுப்பற சின்ன மைக், நிஜமாவே உதவும். நடுவுல பத்து நிமிஷம் தனியா போய் உக்காந்துட்டு வாங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கேள்வி: லீவு நாள்ல யார்கிட்டயும் பேசாம இருந்தாலும் அசதியா இருக்கு.

பதில்: அப்ப காத மட்டும் பாக்காதீங்க. ரத்தசோகை, தைராய்டு, சுகர், தூக்கம், மனச்சோர்வு இதெல்லாம் டாக்டர்கிட்ட ஒருதடவ செக் பண்ணிடுங்க.