பெட் இருந்துச்சு, சர்ஜன் இருந்தார், அப்புறம் பைபாஸ் ஏன் நடக்கல?

கேள்வி: டாக்டர், 2020ல கொரோனா உச்சத்துல இருந்தப்ப எங்க அப்பாவுக்கு பைபாஸ் தேதி குடுத்துட்டு, முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணி தள்ளி வச்சிருக்கோம்னுட்டாங்க. வார்டு பாதி காலி, சர்ஜனும் ரெடி. 4 மாசம் கழிச்சு பண்ணி இப்ப நல்லா இருக்கார். ஆனா அன்னிக்கு ஏன் பண்ணலன்னு இன்னும் உறுத்துது.

பதில்: உறுத்தத்தான் செய்யும்மா. வார்டு பெட்டை வச்சு பைபாஸ் பண்ண முடியாது, ஐசியூ பெட் வேணும். ஆபரேஷன் முடிஞ்சதும் நேரா அங்கதான் கொண்டு போவாங்க, சில மணி நேரமாவது வென்டிலேட்டர், பக்கத்துலயே ஒரு நர்ஸ். அந்த நேரம் பார்த்து இதே பெட், இதே வென்டிலேட்டர், இதே நர்ஸ் எல்லாம் கொரோனா பேஷன்ட்டுக்குப் போயிடுச்சு. மூச்சுக்குழாய்ல ட்யூப் போடறதுல கைதேர்ந்தவங்கன்னு மயக்க டாக்டர்களையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க, ஆபரேஷன் நேரத்துல இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கற ஹார்ட் லங் மெஷினை ஓட்டறவர், மூச்சு விட முடியாதவங்க ரத்தத்துக்கு வெளியில இருந்து ஆக்சிஜன் ஏத்தற எக்மோ மெஷின் பக்கம், ரத்த தான முகாம் நின்னு போனதால ரத்தமும் தட்டுப்பாடு, இதுல சர்ஜன் மட்டும் கைய கழுவிட்டு நின்னு என்ன பண்ணுவார் சொல்லுங்க.

இன்னொண்ணும் இருக்கு. 24 நாட்டுல 1,128 பேரைப் பார்த்து 2020 மே மாசம் ஒரு ஆய்வு வந்துச்சு. எல்லா வகை ஆபரேஷனும் சேர்த்துதான். ஆபரேஷன் சமயத்துல கொரோனா இருந்தவங்கள்ல 23.8 சதவீதம் பேர் 30 நாளுக்குள்ள இறந்துட்டாங்க, பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல். ஹார்ட் லங் மெஷின்ல இருந்து வர்றவங்களுக்கு நுரையீரல் ஏற்கெனவே கொஞ்சம் அடி வாங்கியிருக்கும், அதுல கொரோனாவும் சேர்ந்தா? அப்பாவை வீட்டுல உக்கார வச்சதுல அந்த பயமும் இருந்திருக்கும்.

அதுக்காக எல்லாரையும் தள்ளி வைக்க முடியாது. இதயத்துல இருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய், அதான் மகாதமனி, அதோட உள்சுவர் கிழிஞ்சு வர்றவங்களுக்கு மணிக்கணக்குதான் டைம். இடது பக்க முக்கிய ரத்தக்குழாய்ல மோசமான அடைப்பு, வால்வு சுருங்கி மயக்கம் மூச்சுத்திணறல் வர ஆரம்பிச்சவங்க, இவங்களையும் ரொம்ப நாள் உக்கார வைக்கக் கூடாது. லண்டன்ல இதய ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, அவசர கேஸ் எல்லாத்தையும் பார்ட்ஸ், ஹேர்ஃபீல்டுன்னு 2 இடத்துக்கு அனுப்பிட்டாங்க. எனக்குப் பிடிச்ச ஏற்பாடு அது.

எனக்குப் பிடிக்காதது, இப்படித் தள்ளி வச்ச ஆபரேஷனுக்கு நாங்க சொல்ற 'எலெக்டிவ்'ங்கற வார்த்தை. கேக்கறவங்களுக்கு ஏதோ விருப்பப்பட்டா பண்ணிக்கற ஆபரேஷன் மாதிரி இருக்கு. தேதி குறிச்சுப் பண்றோம், அவ்வளவுதான் அர்த்தம். மார்ச்ல காத்திருக்கக்கூடிய அடைப்பு ஜூன்லயும் அப்படியே காத்திருக்கும்னு இல்ல. அதனால லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு வாரா வாரம் யாராவது போன் பண்ணி, படியேறினா வலி வருதா, சும்மா உக்காந்திருக்கும்போதே வருதான்னு கேட்டு வரிசையை மாத்தணும். பல இடத்துல அந்த போன் வரவே இல்ல, அது எங்க பக்கத் தப்புதான்.

கேள்வி: என் பெரியம்மா நெஞ்சு வலியை கேஸ் ட்ரபிள்னு சொல்லி, ஆஸ்பத்திரி போனா கொரோனா ஒட்டிக்கும்னு 3 நாள் வீட்டுலயே இருந்துட்டாங்க. அப்புறம் இதயத்துல ஓட்டைன்னாங்க. மாரடைப்புல ஓட்டை விழுமா?

பதில்: விழும். ரத்தம் போகாத தசை சில நாள்ல நைஞ்சு போயி, கீழ் அறைகள் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சுவர் கிழிஞ்சிடும். அடைப்பை சீக்கிரம் திறக்கற வழக்கம் வந்தப்புறம் நாங்க அபூர்வமா பார்த்த கேஸ், கொரோனா நேரத்துல திரும்ப வர ஆரம்பிச்சுது. தைக்கலாம்னு போனா தசை வெண்ணெய் மாதிரி இருக்கும், தையல் நிக்காது. அமெரிக்காவுல 9 பெரிய ஆஸ்பத்திரியில, பெரிய மாரடைப்புக்காக அவசரமா கேத் லேப் (ரத்தக்குழாய் வழியா ட்யூப் விட்டு அடைப்பைத் திறக்கற அறை) திறக்கறது அப்ப 38 சதவீதம் குறைஞ்சுது. மாரடைப்பு குறைஞ்சிடுச்சுன்னு நான் நம்பல, உங்க பெரியம்மா மாதிரி எத்தனை பேரோ.

கேள்வி: கொரோனா வந்து போனப்புறம் எத்தனை நாள் கழிச்சு ஆபரேஷன்?

பதில்: 116 நாட்டுல 1,40,231 பேரைப் பார்த்த ஆய்வுல, 7 வாரம் தாண்டினா ஆபத்து வழக்கமான அளவுக்கு இறங்குச்சு. தடுப்பூசிக்கு முந்தின கணக்கு அது. இப்ப ஆளைப் பார்த்துதான் முடிவு பண்றோம், இருமலோ மூச்சுத்திணறலோ இன்னும் இருந்தா சர்ஜன்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.