சவாமுராவோட வலது கை (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் டீம் டாட்ஜர்ஸோட பிட்ச்சர் (பந்து போடறவர்) யாமமோட்டோ, ஜப்பான்ல ஆடும்போது 2021லேருந்து மூணு வருஷம் வரிசையா, சிறந்த பிட்ச்சருக்குத் தர்ற சவாமுரா விருது வாங்கினார்னு படிச்சேன். யார் சார் இந்த சவாமுரா?
(வாசகர், திருச்சி)

பதில்: எய்ஜி சவாமுரா, ஜப்பான் பிட்ச்சர். 1917ல பொறந்தவர், வாழ்ந்தது வெறும் 27 வருஷம், ரெண்டாம் உலகப் போருக்கு அனுப்பினதுல உயிர் போச்சு. 1934 நவம்பர்ல பேப் ரூத், லூ கெரிக் எல்லாம் அடங்குன அமெரிக்க ஆல் ஸ்டார் டீம் ஜப்பானுக்கு வந்து போற இடமெல்லாம் வெளுத்து வாங்கிட்டு இருந்தப்ப, ஷிசுவோகால 20ஆம் தேதி இந்த 17 வயசுப் பையன் பந்து போட வந்தான். கெரிஞ்சர், ரூத், கெரிக், ஃபாக்ஸ்னு நாலு ஜாம்பவான்களையும் வரிசையா ஸ்ட்ரைக் அவுட் பண்ணான், அதாவது பந்த அடிக்கத் தவறினா அது ஒரு ஸ்ட்ரைக், மூணு ஸ்ட்ரைக் ஆனா அவுட். ஏழாவது இன்னிங்ஸ்ல கெரிக் ஒரே ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சார், ஜப்பான் டீம் 1-0ன்னு தோத்துப் போச்சு. ஆனா ஜப்பான்ல இன்னிக்கும் அந்தத் தோல்வியத்தான் கொண்டாடறாங்க, அந்த கிரவுண்டுக்கு வெளிய ரூத்துக்கும் சவாமுராவுக்கும் சிலை இருக்கு.

அப்புறம் டோக்கியோ ஜயண்ட்ஸ் டீம்ல மூணு நோ-ஹிட்டர் போட்டார், எதிரணி ஒரு ஹிட் கூட அடிக்க முடியாத மேட்ச்சுக்குத்தான் அந்தப் பேரு.

கேள்வி: அவ்ளோ பெரிய ப்ளேயர ஏன் போருக்கு அனுப்பினாங்க? விலக்கு எதுவும் இல்லையா?
(வாசகி, மதுரை)

பதில்: காலேஜ் பசங்களுக்கு 1943 வரைக்கும் விலக்கு இருந்துச்சும்மா. ஆனா சவாமுரா அந்த அமெரிக்க டீமோட ஆடறதுக்காகவே ஸ்கூல் படிப்ப பாதில விட்டவர், காலேஜ் வாசலே மிதிக்கல, அதனால பேஸ்பாலுக்காக எடுத்த அந்த முடிவே அவர ராணுவத்துல கொண்டுபோய் விட்டுடுச்சு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ கூப்பிட்டாங்க. முதல் தடவ சீனாவுக்கு. நல்லா தூரமா எறியற ஆளுன்னு கையெறி குண்டு எறிய விட்டாங்க. பேஸ்பால் 145 கிராம் சுமார் இருக்கும், அந்தக் குண்டு கிட்டத்தட்ட 450 கிராம். தோள் என்னத்துக்கு ஆகும், சொல்லுங்க. திரும்பி வந்தப்ப அந்த வேகம் போயிடுச்சு, கைய மேல தூக்கிப் போடவே முடியாம பக்கவாட்டுல போட ஆரம்பிச்சார். அப்படியும் 1940ல மூணாவது நோ-ஹிட்டர் போட்டார் பாருங்க, எனக்கு அவர் சாதனையிலேயே பெருசு இதுதான்.

1944ல டீம் அவர விட்டுடுச்சு, ராணுவம் மறுபடி கூப்பிட்டுது. பிலிப்பைன்ஸ் போற வழியில டிசம்பர் 2ஆம் தேதி அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் அடிச்சதுல அவர் போன கப்பல் மூழ்கிடுச்சு.

கேள்வி: அமெரிக்க ப்ளேயர்ஸும் போருக்குப் போனாங்களா?
(வாசகர், கோவை)

பதில்: நிறைய பேர். கிளீவ்லாண்ட் பிட்ச்சர் பாப் ஃபெல்லர், அப்பாவுக்கு கேன்சர்னு விலக்கு இருந்தும் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த ரெண்டாம் நாளே கடற்படைல சேந்தார், அலபாமா போர்க்கப்பல்ல விமான எதிர்ப்பு பீரங்கிக்குப் பொறுப்பா இருந்தார். கிட்டத்தட்ட நாலு சீசன் போச்சு. ஆனா கையும் உயிரும் பத்திரமா திரும்புச்சு, 1946ல 348 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார்.

சவாமுராவுக்கு அந்த 1946 வரவேயில்ல. 1947ல ஜயண்ட்ஸ் அவரோட 14ஆம் நம்பர் ஜெர்சிய யாருக்கும் தர்றதில்லன்னு எடுத்து வெச்சுட்டாங்க, அதே வருஷம்தான் நீங்க கேட்ட அந்த விருதும் ஆரம்பிச்சது.