தங்கையின் மீடியா படிப்புக்கு என் பெயரில் 15 இலட்சம் கடன் எடுக்கலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. நான் கொழும்பில் ஒரு சுப்பர்மார்க்கட்டில் வேலை செய்கிறேன், மாதம் கைக்கு 62,000 ரூபா வருகிறது. தங்கை முதல் தடவை உயர்தரம் எழுதி, கலைப்பிரிவில் மூன்று பாடமும் பாஸ். அரச பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதவில்லை. கொழும்பில் ஒரு தனியார் கெம்பஸில் மூன்று வருடத் தொடர்பாடல் டிகிரிக்கு 15 இலட்சம் கேட்கிறார்கள். என் பெயரில் 12 சதவீத வட்டிக்குக் கடன் தர வங்கி தயார். படிக்கும்போது வட்டி மட்டும் கட்ட வேண்டும், பிறகு ஏழு வருடத் தவணை. அம்மாவுக்கு அடுத்த வருடம் 50 வயது. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து வட்டியைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். மாத முடிவுக்குள் பதிந்தால் 10 சதவீதம் கழிவு தருகிறார்களாம். என்ன செய்வது?

பதில்: தம்பி, இந்தக் கடனை இந்த வடிவத்தில் எடுக்காதீர்கள். தங்கை மீடியா படிப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. 15 இலட்சத்துக்கு அதைப் படிப்பதில்தான் மறுப்பு.

வருடம் 5 இலட்சமாகக் காசு எடுத்தால் முதல் வருடம் மாதம் 5,000, இரண்டாம் வருடம் 10,000, மூன்றாம் வருடம் 15,000 என்று வட்டி மட்டும் போகும். மூன்று வருடத்தில் 3,60,000 கட்டியிருப்பீர்கள், அசல் தொகையில் ஒரு ரூபாகூடக் குறைந்திருக்காது. அதற்குப் பிறகு 84 மாதங்களுக்கு மாதம் ஏறக்குறைய 26,500. எல்லாம் சேர்ந்து 25 இலட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டுகிறது. போர்டிங், சாப்பாடு, பஸ் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. மாதம் 25,000 என்று கையை இறுக்கிப் போட்டாலும் மூன்று வருடத்துக்கு 9 இலட்சம். ஆக 15 இலட்சம் என்று சொல்லப்படும் படிப்பு உங்கள் வீட்டுக்கு 35 இலட்சத்துக்குக் கிட்ட வந்து நிற்கிறது.

அந்த 12 சதவீதம் ஏழு வருடமும் மாறாத வட்டியா, சந்தையோடு ஏறி இறங்கும் வட்டியா என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். 2022 கடைசியில் நல்ல வாடிக்கையாளர்களுக்கே வங்கிகள் கேட்ட வட்டி 25 சதவீதத்தைத் தாண்டியது. அப்படி ஒரு காலம் திரும்பி வந்தால், 15 இலட்சத்துக்கு 25 சதவீத வட்டி மட்டுமே மாதம் 31,250. உங்கள் சம்பளத்தில் பாதி.

சரி, படித்து முடித்தால் என்ன கிடைக்கும்? தாதியர் படிப்பு, கணக்கியல் மாதிரி இந்த டிகிரிக்கென்று ஒரே வாசல் கிடையாது. பத்திரிகை, வானொலி, விளம்பர நிறுவனம், தொண்டு நிறுவனம், கம்பனிகளின் சமூக ஊடக வேலை என்று பல வாசல்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சம்பளம். தனியார் துறையில் சட்டப்படியான குறைந்த சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. அரச துறையில் குறைந்த அடிப்படைச் சம்பளம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 40,000 ஆனது. இவை அடிமட்டம்தான், பட்டதாரிச் சம்பளம் இல்லை. தங்கைக்கு முதல் வேலையில் 60,000 கிடைக்கிறது என்று தாராளமாகவே வைப்போம். தவணை 26,500, கொழும்பில் இருக்க 25,000. மிச்சம் 8,500. அதில் வீட்டுக்கு என்ன அனுப்புவது? ஒரு மாதம் சம்பளம் பிந்தினாலும் வங்கி உங்களைத்தான் கூப்பிடும். கடன் உங்கள் பெயரில், வங்கிகள் கடன் வரலாறு பார்க்கும் கிரிப் அறிக்கையிலும் உங்கள் பெயர்தான். நாளைக்கு நீங்கள் வீடு கட்டவோ கல்யாணத்துக்கோ கடன் கேட்டுப் போனால் இதுதான் முதலில் முன்னால் வரும்.

இந்தத் துறையில் சம்பளத்தை ஏற்றுவது டிகிரி ஒன்று மட்டும் இல்லை. தமிழோடு சிங்களத்திலும் பிழையில்லாமல் எழுதி, ஆங்கில அறிக்கையும் தயாரித்து, வீடியோ எடிட்டிங்கும் தெரிந்த ஆளுக்கு வேலை தேடி வரும். தோட்டப் பிள்ளைகள் பலர் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள், எழுதத்தான் தடுமாறுவார்கள். அந்த இடைவெளியை நிரப்ப 15 இலட்சம் தேவையில்லை.

தங்கைக்கு இன்னும் இரண்டு தடவை உயர்தரம் எழுதலாம். முதல் தடவையோடு விட்டுவிடுவது எனக்கு வீண் அவசரமாகத் தெரிகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைக்குத் தனிப் பட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. படிப்புக் கட்டணம் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்து மகாபொல அல்லது பேர்சரி உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்புண்டு. இசட் புள்ளி எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். கொஞ்சம்தான் குறைந்தது என்றால் ஒரு வருடம் டியூஷனுக்குச் செலவழிப்பதுதான் நான் கண்ட மலிவான முதலீடு. அந்த வருடமே கையில் ஏதாவது வேண்டுமென்றால், கொழும்பில் இதழியல் கல்லூரியின் டிப்ளோமா தமிழிலும் இருக்கிறது. ஆனால் உயர்தரப் படிப்பையும் அதையும் சேர்த்து இழுப்பது கஷ்டம், யோசித்துச் செய்யுங்கள்.

இரண்டாவது தடவையும் சரிவரவில்லை என்றால் அரசின் வட்டியில்லா மாணவர் கடனைப் பாருங்கள். 2017-ல் தொடங்கிய திட்டம். உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கானது, வட்டியை அரசு கட்டும். ஆனால் உயர்கல்வி அமைச்சு அங்கீகரித்த நிறுவனங்களுக்கும் பாடநெறிகளுக்கும் மட்டும்தான். நீங்கள் சொல்லும் கெம்பஸும் அந்த டிகிரியும் பட்டியலில் இருக்கின்றனவா என்று கெம்பஸ்காரரிடம் கேட்காமல் அமைச்சிடமே கேளுங்கள். உதாரணத்துக்கு, வட்டியில்லாமல் 8 இலட்சத்தை எட்டு வருடத்தில் கட்டினால் மாதம் 8,300 சொச்சம். 26,500 எங்கே, இது எங்கே.

சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடம். நாளைக்கு ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்க நினைத்தால் அங்கீகாரம் இல்லாத டிகிரி உதவாது.

எப்போது சரி என்பேன்? வட்டிக் கடன் 6 இலட்சத்துக்குள் நின்றால். அதே 12 சதவீதத்தில் ஏழு வருடத்துக்கு மாதம் 10,600 வரும், அதைச் சுமாரான முதல் சம்பளத்திலிருந்து தங்கையே கட்டலாம். அப்போதும் கடன் அவர் பெயரில் இருக்கட்டும், நீங்கள் பிணையாளராக மட்டும் நில்லுங்கள்.

அம்மாவின் ஈபிஎஃப் காசைத் தொடவே வேண்டாம். பெண்களுக்கு வேலையிலிருந்து விலகி 50 வயதில் அதை எடுக்க உரிமை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கொழுந்து எடுத்துச் சேர்த்த அந்தக் காசு, முட்டிவலி வந்து வேலைக்குப் போய்ப் பேர் போட முடியாத காலத்துக்கு அவருக்கு இருக்கும் ஒரே வருமானம். தங்கைக்கு 21 வயதில் சம்பாதிக்க வழி உண்டு, அம்மாவுக்கு 60-ல் கிடையாது.

10 சதவீதக் கழிவு என்றால் ஒன்றரை இலட்சம், சின்னக் காசு இல்லைதான். ஆனால் இந்த மாதம் கழிவு தருகிற இடம் அடுத்த பிரிவுக்கும் தரும். அதற்குள் கெம்பஸிடம் ஒன்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள்: முதல் செமஸ்டரோடு தங்கை நின்றுவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? பதில் வரும்வரை பதிவுக் கட்டணம் கட்ட வேண்டாம்.